கிறிஸ்டினாவின் ‘வேண்டாம்’

கிறிஸ்டினா ரொசெட்டிக்குச் சதுரங்கத்தில் பிரியம் அதிகம். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி தனக்குள் ஏறுவதைக் கண்டு ஆட்டத்தையே விட்டுவிட்டார். நாடகம், ஓபரா இரண்டுக்கும் போவதைப் பதினெட்டு வயதை ஒட்டி நிறுத்தினார். தெருவில் கிழிந்த காகிதம் கிடந்தால் மிதிக்க மாட்டார், குனிந்து எடுப்பார். கடவுளின் பெயர் அதில் அச்சாகியிருந்தால் என்ன செய்வது என்ற பயம். மிதித்த காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த நமக்கு இது பெரிய விநோதம் இல்லை. ஓவியர்களும் கவிஞர்களும் புகுந்து புறப்பட்ட ஒரு லண்டன் வீட்டில் இது விநோதம்தான்.

இப்படிப்பட்டவரின் கவிதைகளில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று கேட்டால், பாடப்புத்தகம் நான்கு பெட்டிகளை எடுத்து வைக்கும்: மரணம், துறவு, கைகூடாத காதல், பக்தி. நானும் வெகுகாலம் அப்படித்தான் வாசித்தேன், கொஞ்சம் அலுப்புடன். கறுப்பு உடை அணிந்த சோகக் கன்னி ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து சாவைப் பற்றி எழுதுகிறாள் என்பதாகவே மனதில் பதிந்திருந்தது. இப்போது படிக்கையில் அந்த நான்கு பெட்டிகளுக்கும் ஒரே சாவிதான் என்று படுகிறது. அது ஒரு சின்னச் சொல். வேண்டாம்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. ‘வேண்டு’ என்ற ஒரே வேரிலிருந்து ஆசைப்படுவதும் வருகிறது, சாமியிடம் கேட்பதும் வருகிறது, மறுப்பதும் வருகிறது. வேண்டும், வேண்டுதல், வேண்டாம். துறவைச் சொல்ல வந்த இடத்தில் வள்ளுவர் வேண்டாமை என்று இன்னொரு பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார். ஆசையும் பிரார்த்தனையும் மறுப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதைக் கிறிஸ்டினாவின் ஆங்கிலம் அவருக்குச் சொல்லவில்லை. அவர் அதை எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பிறந்தது 1830 டிசம்பர் 5. அப்பா நேப்பிள்ஸ் அரசியலில் சிக்கி நாடுவிட்டு ஓடிவந்த இத்தாலியக் கவிஞர். லண்டன் கிங்ஸ் காலேஜில் இத்தாலிய மொழிப் பேராசிரியர். அம்மாவின் அண்ணன்தான் பைரனுக்கு மருத்துவராகப் போய், ஆங்கிலத்தின் முதல் ரத்தக்காட்டேரிக் கதைகளில் ஒன்றை எழுதிய ஜான் பொலிடோரி. அடுத்தடுத்த நான்கு ஆண்டுகளில் நான்கு குழந்தைகள்: மரியா, பின்னாளில் ஓவியராகப் பேர் வாங்கிய டாண்டே கேப்ரியல், வில்லியம் மைக்கேல், கடைக்குட்டி கிறிஸ்டினா. இவர்களில் இரண்டு பேர் அமைதி, இரண்டு பேர் புயல் என்பாராம் அப்பா. ஓவியர் அண்ணனும் கடைக்குட்டியும் புயல்கள். அம்மா ஏதோ கண்டித்ததற்காகக் கத்தரிக்கோலை எடுத்துத் தன் கையையே கிழித்துக்கொண்ட சிறுமி அவர். வயதான பின் இதைத் தானே சொல்லியிருக்கிறார்.

1843இல் அப்பாவின் உடல்நிலை சரிந்தது, வருமானம் போனது, அம்மாவும் அக்காவும் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வேண்டிவந்தது. பதினான்கு பதினைந்து வயதில் கிறிஸ்டினாவும் நோயில் விழுந்தார். எழுந்துவந்தவர் வேறு ஆள். மரியாதை தவறாத, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத, பிரார்த்தனைப் புத்தகம் ஏந்திய இளம்பெண். அந்தப் புயல் எங்கே போனது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கவிதைகளில் தேடினால் கிடைக்கும்.

அவருடைய குறும்பான கவிதை ஒன்றிலிருந்தே தொடங்கலாம். தலைப்பே ஜானுக்கு நன்றி கூறி மறுப்பது. விடாமல் வந்து நச்சரிக்கும் ஓர் ஆளிடம் ஒரு பெண் பேசுகிறாள்: உன்னைக் காதலிப்பதாக நான் எப்போது சொன்னேன்? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏன் நிற்கிறாய்? நட்பு வேண்டுமானால் கைகுலுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கண்ணீர் இல்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. விக்டோரியா காலக் கவிதையில் மறுக்கும் பெண்கள் பொதுவாக ஏதாவது காரணம் வைத்திருப்பார்கள்: வேறொருவன் இருக்கிறான், நோய் இருக்கிறது, அப்பா சம்மதிக்கவில்லை. இவளிடம் காரணமே இல்லை. விருப்பமில்லை, அவ்வளவுதான். ஓவியர் அண்ணனுக்கு இந்தக் கவிதை பிடிக்கவில்லை. தங்கையின் தொனி அதில் கெட்டுப்போனதாக நினைத்தார். எனக்கு இது அவருடைய மிகச் சிறந்த கவிதைகளில் ஒன்று.

வாழ்க்கையில் அவர் சொன்ன மறுப்புகள் இவ்வளவு எளிதாக இல்லை. முதலில் ஜேம்ஸ் காலின்சன், அண்ணனின் ஓவியர் குழுவில் ஒருவர். கிறிஸ்டினாவுக்காகக் கத்தோலிக்கத்தை விட்டு ஆங்கிலத் திருச்சபைக்கு வந்தார். மனம் ஒப்பாமல் மறுபடி கத்தோலிக்கத்துக்கே திரும்பினார். 1850இல் நிச்சயம் முறிந்தது. பிறகு சார்ல்ஸ் கேய்லி. அப்பாவின் பழைய மாணவர், தாந்தேயை மொழிபெயர்த்தவர், உலகம் தெரியாத கூச்ச சுபாவி. 1866இல் அவர் கேட்டபோது கிறிஸ்டினாவுக்கு அவர்மேல் உண்மையான அன்பு இருந்தது. பணம்தான் தடை என்றால் என் வீட்டிலேயே இருவரும் இருங்கள் என்று வில்லியம் சொல்லிப் பார்த்தார். தடை பணம் இல்லை. கேய்லியின் நம்பிக்கை கிறிஸ்டினாவின் நம்பிக்கை அல்ல. மறுத்தார், மறுத்த பின்னும் கடைசிவரை நட்பாக இருந்தார்கள். கடல் எலி என்ற விநோத ஜந்துவைச் சாராயத்தில் ஊறவைத்துக் கேய்லி ஒருமுறை பரிசாகக் கொடுத்தார். கிறிஸ்டினா அதற்கு ஒரு கவிதை எழுதினார். காதல் பரிசுகளின் வரலாற்றில் இதற்கு இணை இல்லை என்றே நினைக்கிறேன்.

கிறிஸ்டினா இறந்த பிறகு அவருடைய எழுதும் பெட்டியைத் திறந்த வில்லியம், உள்ளே கேய்லியை நினைத்து இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட ஒரு கவிதைத் தொடர் இருப்பதைக் கண்டார். 1860களில் எழுதியது. ஆங்கிலத்தில் ‘வேண்டாம்’ என்றவர், அப்பாவின் மொழியில் ‘வேண்டும்’ என்று எழுதிப் பூட்டிவைத்திருந்தார்.

வேண்டும் என்பதன் ருசி தெரியாதவராக இருந்திருந்தால் அவருடைய மறுப்புக்கு மதிப்பே இருந்திருக்காது. பிறந்தநாள் என்ற கவிதையில் காதல் வந்து சேர்ந்ததும் மனம் கூடு கட்டிய பறவையாகவும் காய்த்துத் தொங்கும் ஆப்பிள் கிளையாகவும் துள்ளுகிறது. உடனே பட்டும் இறகும் கொண்டு மேடை அமைக்கச் சொல்கிறது, மாதுளையும் மயிலும் செதுக்கச் சொல்கிறது. அது பசியுள்ளவரின் குரல். அந்தப் பசியின் முழுக் கணக்கும் 1859இல் எழுதி முடித்த ‘காப்ளின் மார்க்கெட்’ என்ற நீள்கவிதையில் இருக்கிறது. குட்டிச்சாத்தான் சந்தை என்று சொல்லலாம்.

கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லாரா, லிஸி என்று இரண்டு சகோதரிகள். காலையிலும் மாலையிலும் பள்ளத்தாக்கில் குட்டிச்சாத்தான்கள் பழம் கூவி விற்கின்றன. ஒன்றுக்குப் பூனை முகம், ஒன்றுக்கு வால். அவை கூவும் பட்டியல் முப்பது வகையை நெருங்குகிறது: ஆப்பிள், எலுமிச்சை, அத்தி, பேரீச்சை, மாதுளை, திராட்சை. எல்லாம் ஒரே பருவத்தில் பழுத்தவை, எந்தத் தோட்டத்திலும் நடக்காத காரியம். படிக்கும்போது நாக்கில் நீர் ஊறும், எழுதியவருக்கும் ஊறியிருக்கும். லாராவிடம் காசு இல்லை. தலையிலிருந்து ஒரு பொன்முடிக் கற்றையை அறுத்துக் கொடுத்துப் பழத்தை உறிஞ்சித் தின்கிறாள். மறுநாள் அந்தக் கூவல் அவள் காதுக்குக் கேட்பதில்லை. ஒருமுறை வாங்கியவளுக்குச் சந்தை மூடிவிடும். தலை நரைத்து, உடல் தேய்ந்து, சாவு வாசலுக்கு வந்துவிடுகிறது.

சகோதரியைக் காப்பாற்ற லிஸி ஒரு வெள்ளிக் காசை எடுத்துக்கொண்டு போகிறாள். நான் எப்போதும் நின்றுவிடும் இடம் இது. காசு கொடுத்து வாங்கிப் போகிறேன் என்கிறாள். அவை விற்க மறுக்கின்றன. இங்கேயே உட்கார், எங்களோடு சாப்பிடு என்கின்றன. அந்தச் சந்தைக்குப் பணம் ஒரு பொருட்டில்லை. அதற்கு வேண்டியது வாங்க வரும் பெண். அவள் அசையாததைக் கண்டு அடிக்கின்றன, கிள்ளுகின்றன, உடையைக் கிழிக்கின்றன, முடியைப் பிடுங்குகின்றன, பழத்தை வாயில் வைத்து அழுத்துகின்றன. அவள் உதட்டைத் திறக்கவில்லை. சாறு முகமெல்லாம் வழிகிறது, மோவாய்க் குழியில் தேங்குகிறது. அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறாள். கடைசியில் அவை சலித்துப்போய்க் காசையும் திருப்பி எறிந்துவிட்டு மறைகின்றன. பையில் நாணயம் குலுங்கும் ஓசையைக் கேட்டபடி வீட்டுக்கு ஓடி, என் முகத்தில் இருப்பதை நீ எடுத்துக்கொள் என்று லாராவிடம் சொல்கிறாள். அதே சாறு இப்போது எட்டியாகக் கசக்கிறது. அந்தக் கசப்பில் லாரா பிழைக்கிறாள்.

வாய் திறக்காமல் இருப்பதை ஒரு வீரச்செயலாக, கைகலப்பாக, ஏறத்தாழ ஒரு போர்க்களக் காட்சியாக எழுதிய கவிதை இதற்கு முன் ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. கற்பழிப்பின் சாயல், நற்கருணையின் சாயல், அபினியின் சாயல், சந்தைப் பொருளாதாரத்தின் சாயல் என்று விமர்சகர்கள் ஒவ்வொன்றாகக் கண்டெடுத்திருக்கிறார்கள். கிறிஸ்டினா தனக்கு அப்படி உள்ளர்த்தம் எதுவும் இல்லை, இது வெறும் தேவதைக் கதை என்றே சொல்லிவந்தார். விளக்கம் கேட்டவர்களிடமும் வேண்டாம்தான். ஆனால் ஹைகேட்டில், வழிதவறியவர்கள் என்று அன்று முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்கான திருச்சபை இல்லம் ஒன்றில் அவர் தொண்டு செய்யத் தொடங்கியது இந்தக் கவிதை எழுதப்பட்ட காலத்தை ஒட்டித்தான். வாரக்கணக்கில் அங்கேயே தங்குவார். சந்தைக்குப் போய்விட்டு வந்த லாராக்களை அவர் கதையில் மட்டும் பார்க்கவில்லை. அக்காலக் கதைகளில் வழுக்கி விழுந்த பெண்ணுக்குச் சாவுதான் முடிவு. லாரா சாவதில்லை; குழந்தைகளுக்குத் தாயாகி, இந்தக் கதையைத் தானே சொல்கிறாள். அந்தக் குழந்தைகளின் அப்பாக்கள் கவிதையில் எங்கும் தலைகாட்டுவதும் இல்லை.

கலை விமர்சகர் ரஸ்கின் இதைப் படித்துவிட்டு, யாப்பு ஒழுங்கில்லை, எந்தப் பதிப்பாளரும் தொடமாட்டார் என்று அண்ணனுக்கு எழுதினார். மாக்மில்லன் பதிப்பகத்து அலெக்சாண்டர் மாக்மில்லன் கேம்பிரிட்ஜில் தொழிலாளர் சங்கம் ஒன்றில் இதை வாசித்துக் காட்டினார். நம்மைக் கேலி செய்கிறாரோ என்று முதலில் சந்தேகத்துடன் பார்த்தார்களாம், போகப்போக ஓசையடங்கிக் கேட்டார்கள், முடிந்ததும் கைதட்டல். 1862இல் புத்தகம் வந்தது. ரஸ்கினைவிடத் தொழிலாளர்களுக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது.

குளிர்காலத்தையும் ரகசியத்தையும் சேர்த்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார். கையெழுத்துப் பிரதியில் அதற்குத் தலைப்பு ‘பிதற்றல்’. என் ரகசியத்தைச் சொல்லட்டுமா என்று ஆரம்பிக்கும், சொல்லாது. ஒருவேளை ரகசியமே இல்லையோ என்னவோ என்று சிரிக்கும். குளிர் அடிக்கிறது, சால்வையைப் போர்த்திக்கொள்கிறேன், வேனில் வரட்டும் பார்க்கலாம் என்று நழுவும். ஹோல்மன் ஹன்ட் வரைந்த ‘உலகின் ஒளி’ ஓவியத்தில் இயேசு விளக்கேந்தி ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, உள்ளே இருப்பவர் மனம் வைத்தால்தான் திறக்கும். அந்த இயேசுவின் முகபாவத்துக்கு ஹன்ட் பார்த்து வரைந்த முகங்களில் ஒன்று கிறிஸ்டினாவுடையது. தட்டுபவரின் முகத்தை அவரிடம் கேட்டு வாங்கினார்கள். கதவுக்கு உள்ளே இருப்பவர் யார் என்று அவருடைய கவிதைகளைப் படித்தால் தெரியும்.

இனி மரணம். பதினெட்டு வயதில் தன் சாவுக்குப் பிறகான ஏற்பாடுகளை எழுதிய பெண் என்று சொன்னால் நோய்மனம் என்று தோன்றும். அந்தக் கவிதைகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சோகப் பாட்டு வேண்டாம், தலைமாட்டில் ரோஜா வேண்டாம், சைப்ரஸ் வேண்டாம், புல் போதும். நினைத்தால் நினை, மறந்தால் மற. நானும் உன்னை மறக்கக்கூடும். இன்னொன்றில் என்னை நினைத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டே வந்து, பாதி தாண்டியதும், நினைத்து வருந்துவதைவிட மறந்து சிரிப்பதே மேல் என்று கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். இங்கிலாந்தில் இறுதிச் சடங்குகளில் இதை வாசிப்பது வழக்கமாகிவிட்டது. மூன்றாவதில் ஒரு பெண் கட்டிலில் பிணமாகக் கிடக்கிறாள். அவன் வந்து, பாவம் என்று அழுகிறான். உயிரோடு இருந்தபோது நேசிக்காதவன். அவன் இன்னும் கதகதப்பாக இருக்கிறான் என்பது எனக்கு இனிக்கிறது என்று முடிகிறது. அந்த இனிப்பில் எவ்வளவு விஷம் என்று இன்றுவரை என்னால் அளக்க முடியவில்லை.

இறந்தவர்கள் இறுதித் தீர்ப்பு நாள்வரை உறங்குகிறார்கள் என்பது அவர் பற்றிக்கொண்ட நம்பிக்கை. நரகமும் இல்லை, மோட்சமும் இன்னும் இல்லை. திரை போட்ட ஓர் இடைவேளை. பிரிட்டிஷ் மியூசியத்தில் மம்மிகள் வைத்திருக்கும் அறைக்குள் போக மறுத்த ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் நடுவே உயிர்த்தெழுதல் நடந்துவிட்டால் அந்தப் பிணங்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று அவருக்குப் பட்டதாம். அது அக்கா மரியாதான் என்பார்கள். சிரித்துவிட்டு யோசித்தால், உறங்குபவர்களை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் கிறிஸ்டினாவின் மரணக் கவிதைகளுக்கும் அடிநாதம். இறந்தவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறாள், பேசுகிறாள், ஆனால் கூப்பிட்டால் வரமாட்டாள். உயிரோடு இருக்கும் பெண்ணுக்குக் கிடைக்காத ஒரு தனி அறை அது.

ஏன் கிடைக்காது என்பதற்கு ஓவியக் கூடத்தைப் பற்றிய அவருடைய பதினான்கு வரிக் கவிதை சாட்சி. 1856 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எழுதியது. ஓர் ஓவியனின் அறையில் எந்தத் திரையைப் பார்த்தாலும் ஒரே முகம். ராணி, பெயரில்லாப் பெண், புனிதை, தேவதை, எல்லாம் அவளே. இரவும் பகலும் அவன் அந்த முகத்தைத் தின்று வாழ்கிறான். படத்தில் இருப்பவள் நிஜத்தில் இருக்கும் அவள் அல்ல, அவன் கனவில் இருந்தவள். குட்டிச்சாத்தான் சந்தையில் தின்னச் சொல்லி வற்புறுத்தினார்கள். இங்கே பெண்ணையே தின்கிறார்கள். அவள் எலிசபெத் சிட்டல், வீட்டில் லிஸி. தானும் ஓவியம் வரைந்தவள், கவிதை எழுதியவள். அந்த ஓவியன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்டினாவுக்கு இது வெளியிலிருந்து பார்த்த விஷயமும் இல்லை: அண்ணனின் முதல் பெரிய ஓவியத்தில் கன்னி மரியாளாக அசையாமல் உட்கார்ந்தவர் அவர்தான், அம்மா புனித அன்னாளாக. கவிதையை அண்ணன் உயிரோடு இருந்தவரை அச்சில் விடவில்லை. தான் உயிரோடு இருந்தவரையும் விடவில்லை. 1896இல்தான் வெளிவந்தது.

அதன் மறுபாதியை மட்டும் 1881இல் பகிரங்கமாகச் செய்தார். ‘பெயரற்ற பெண்’ என்று பொருள்படும் இத்தாலியத் தலைப்பில் பதினான்கு சானெட்டுகள். தாந்தே பியாட்ரிசைப் பாடினார், பெட்ரார்க் லாராவைப் பாடினார். அந்தப் பெண்கள் தாங்களே வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வியை முன்னுரையில் வைக்கிறார். ஒவ்வொரு சானெட்டுக்கும் மேலே அந்த இரண்டு ஆண்களின் வரிகள். கீழே அவள் பேச்சு. தாந்தேயின் பெயரை வைத்திருந்த அண்ணனின் தங்கை இதை எழுதினார் என்பது தற்செயலாக இருக்கலாம்.

எல்லா மறுப்பும் எனக்கு உவப்பானது என்று சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் குவித்த பக்திப் பாடல்களில் பாதி வெறும் கடமை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஆதரவு நாடிய கவிஞர் அகஸ்டா வெப்ஸ்டருக்கு அவர் சொன்ன பதிலும் வேண்டாம்தான். வேதம் ஆணையும் பெண்ணையும் சமமாக வைக்கவில்லை என்று கருதினார். வாய் திறக்காத லிஸியைப் படைத்தவர் வாக்குச் சீட்டுக்கும் வாய் திறக்கவில்லை. கவிஞர் ஸ்வின்பர்னின் ‘அட்டலாண்டா’ நாடகக் கவிதையில் கடவுளைப் பழித்த இடத்தின்மீது காகிதத் துண்டை ஒட்டி மறைத்துக்கொண்டு மீதியை ரசித்தார். இதில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை, எரிக்கவில்லை. தனக்கு வேண்டாத வரியை மட்டும் தன் பிரதியில் மூடிக்கொண்டார். ஸ்வின்பர்னும் 1883இல் தன் கவிதைத் தொகுப்பு ஒன்றை அவருக்கே சமர்ப்பித்தார்.

1892இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. நோய் திரும்பி வந்தது. டாரிங்டன் சதுக்கத்து வீட்டில் கடைசி மாதங்களில் இரவுகளில் அவர் அலறுவதாகப் பக்கத்து வீட்டுப் பெண்மணி கடிதம் எழுதிக் குறைபட்டுக்கொண்டார். அப்பா சொன்ன புயல் அதுவரை காத்திருந்தது போலும். 1894 டிசம்பர் 29இல் இறந்தார்.

ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் ரொசெட்டி குடும்பத்துக்கு ஒரு குழி உண்டு. 1862இல், மயக்கமருந்து மிகுந்து இறந்த லிஸி சிட்டலை அதில்தான் புதைத்தார்கள். துக்கம் தாளாமல் கணவர் டாண்டே கேப்ரியல் தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியையும் பெட்டியில் வைத்துவிட்டார். ஏழு ஆண்டு கழித்து, 1869 அக்டோபரில், புத்தகம் போட வேண்டும் என்பதற்காக ஓர் இரவு பெட்டியைத் தோண்டித் திறந்து அதை எடுத்துக்கொண்டார்கள். அவர் அங்கே வரவில்லை, ஆள் அனுப்பினார். கிறிஸ்டினா அந்தக் குழியில்தான், அப்பா அம்மாவுடனும் லிஸியுடனும் இருக்கிறார். அண்ணன் மட்டும் அங்கே இல்லை. ஹைகேட்டில் தன்னைப் புதைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார். கென்ட் கடற்கரையில் பர்ச்சிங்டன் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.